எங்க அம்பாசடருக்குப் பொருத்தம் பார்த்தோம்!

செமஸ்டர் லீவுல நீங்க என்ன பண்ணீங்க? நான் ஜாதகப் பொருத்தம் பார்க்க சென்னை வரைக்கும் போயிட்டு வந்தேன். பதறாதீங்க... எனக்கில்லை, எங்க வீட்டு அம்பாசடருக்கு!

விருதுநகர்ல எங்க வீட்டு வேப்பமரத்தடியில நிக்கிற 1985 மாடல் மார்க் 4, தாத்தாவோட வண்டி. சிவகாசி காலண்டர் ஏஜென்ட்டுகளை ஏத்திக்கிட்டு ஊர் ஊராச் சுத்தினவர் அவர். ஆடிப்பெருக்கு அன்னிக்கு சிவகாசியில அடுத்த வருஷ காலண்டர் ஆல்பங்கள் ரிலீஸாகும். அப்புறம் டிக்கி முழுக்க சாம்பிள் கட்டுதான். காகிதம் பார்க்கத்தான் லேசு பாஸ்... கட்டாக் கட்டினா கருங்கல்! அத்தனை பாரத்தையும் வருஷக்கணக்கா சுமந்தது பின்னாடி இருக்கிற ஆக்ஸில்.

இந்த லீவுல அது கையை விரிச்சிடுச்சு. வண்டி ஓடினா 'ஊ...'ன்னு ஓலம். தரையில ஆயில் சொட்டு. கீழே படுத்து டார்ச் அடிச்சுப் பார்த்தா, ஸ்பிரிங் பட்டை உட்கார்ற இடத்துக்குப் பக்கத்துல ஹவுசிங்ல தலைமுடி மாதிரி ஒரு விரிசல்!

கோவில்பட்டியில இருக்கிற அக்காவுக்கு அப்போ ஏழாம் மாசம். வளைகாப்பு முடிஞ்சதும் இந்தக் கார்லதான் கூட்டிட்டு வருவேன்னு தாத்தா சபதமே போட்டிருந்தார். மிச்சமிருந்தது மூணு வாரம்.

ஒரு ஒர்க்‌ஷாப்ல, "வெல்டிங் வெச்சா ரெண்டு நாள்ல ரெடி"ன்னாங்க. செலவும் கம்மி. அப்பா தலையாட்டிட்டார். எனக்கு மனசு ஒப்பலை. குழாய் மாதிரி இருக்கிற ஹவுசிங்ல ஒரு பக்கம் மட்டும் சூடேத்தினா, ஆறும்போது அது அந்தப் பக்கமா இழுத்துக்கும். மில்லிமீட்டர் கணக்குல வளைஞ்சாலும் உள்ளே இருக்கிற ஷாஃப்ட்டும் பேரிங்கும் நேர்கோட்டுல நிக்காது. நான் இதை போர்டுல படம் போடாத குறையா விளக்கினேன். அப்பா அசையலை.

அசைச்சது அம்மா. கல்யாணத்துக்கு முந்தி பயர் ஆபீஸ்ல வேலை பார்த்தவங்க. "ஆணி அடிச்ச செருப்போட உள்ளே கால் வைக்க விடமாட்டாங்க. 'இன்னிக்கு ஒருநாள்தானே'ன்னு யாராச்சும் நினைச்ச அன்னிக்குத்தான்..." முழுசா சொல்லி முடிக்கலை. அப்பா சாப்பிட்ட தட்டுலயே கை கழுவிட்டு, "வேற ஆக்ஸில் பாருங்க"ன்னு எழுந்துட்டார்.

அப்புறம் ஐயாவோட ஆட்டம்! அமெரிக்காவுல பழைய மஸில் கார் வெச்சிருக்கிறவங்க பின் ஆக்ஸில் மாத்துற வீடியோக்களை விடிய விடியப் பார்த்தேன். அவங்களுக்கு 'ஃபோர்டு 9 இன்ச்'னா உசுரு. 1957-ல வந்து 1986 வரைக்கும் ஃபோர்டு வண்டிகள்ல இருந்த ஆக்ஸில் அது. 9 இன்ச்ங்கிறது உள்ளே இருக்கிற கிரவுன் வீலோட விட்டம். எட்டு சிலிண்டர் இன்ஜினோட முறுக்குவிசையைத் தாங்கறதுக்காக அதைத் தேடிப் பிடிக்கிறாங்க. நானும் அதே ஜோர்ல, "தாத்தா, ஜீப் ஆக்ஸில் போட்டுருவோம், ஸ்ட்ராங்கா இருக்கும்"னேன்.

"ஏய்யா, அதுல ஸ்பிரிங் உட்கார்ற இடமே வேற. வெட்டி ஒட்டணும். வெல்டிங் வேண்டாம்னுதான இம்புட்டுச் சண்டை?"

ஃபர்ஸ்ட் க்ளாஸ் மெக்கானிக்கல் மூளை கப்சிப்!

தாத்தா சொன்ன பொருத்தங்களை நோட்டுல எழுதினேன். டிரம்முக்கு டிரம் அகலம். ரெண்டு ஸ்பிரிங் சீட்டுக்கு நடுவுல தூரம். சக்கர போல்ட். பிரேக் சைஸ். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் மாட்டுற இடத்துல போல்ட் ஓட்டைகள். கடைசியா, ரேஷியோ. அதாவது சக்கரம் ஒரு சுத்து சுத்த, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்துதுங்கிற கணக்கு. கிரவுன்ல 41 பல், பினியன்ல 9 பல் இருந்தா, 41-ஐ 9-ஆல வகுக்க 4.55.

நான் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கி வெச்சுத் தூக்கி, நியூட்ரல்ல போட்டு, ஷாஃப்ட்ல சாக்பீஸ் கோடு போட்டுச் சக்கரத்தை ஒரு சுத்து சுத்தினேன். ரெண்டே கால் சுத்து வந்துச்சு. "தாத்தா, இது ரேஸ் கார்!"

சிரிச்சார். "அந்தப் பக்கத்துச் சக்கரம் தூங்குதுய்யா. ரெண்டையும் தூக்கு."

அட, டிஃபரன்ஷியல்! ஒரு சக்கரம் தரையில நின்னா, தூக்கின சக்கரம் ரெண்டு சுத்து சுத்தினாத்தான் கிரவுன் ஒரு சுத்து சுத்தும். பரீட்சையில பத்து மார்க்குக்கு எழுதின விஷயம், வேப்பமரத்தடியிலதான் மண்டையில ஏறுச்சு. ரெண்டு பக்கமும் தூக்கி ஸ்டாண்டு வெச்சுச் சேர்த்துச் சுத்தினா, நாலரைக்குக் கொஞ்சம் மேல!

உத்தரபாராவுல அம்பாசடர் தயாரிப்பு 2014-லயே நின்னு போச்சு. புது ஹவுசிங் எங்களுக்கு எங்கேயும் சிக்கலை. பொதிகை எக்ஸ்பிரஸைப் பிடிச்சு, நோட்டோட புதுப்பேட்டை போனோம்.

அங்கே ரெண்டு மாப்பிள்ளைகள் தேறினாங்க. ஒண்ணு கறுப்பு பெயின்ட்ல பளபளா. இன்னொண்ணு துருப்பிடிச்சு அழுக்கா. நான் பளபளா கட்சி. தாத்தா ஒண்ணும் பேசாம திருகுளியால பெயின்ட்டைச் சுரண்டினார். உள்ளே பழைய வெல்டிங் தழும்பு! ரேஷியோவும் நாலுக்குக் கீழே, 3.9 பக்கம். "அதனால என்ன, மைலேஜ் கிடைக்கும்"னார் கடைக்காரர். வாஸ்தவம்தான். ஆனா சக்கரத்துக்குப் போற இழுவை நூத்துக்குப் பதினாலு பங்கு குறையும். ஆள் நிறைய ஏறினா கிளட்ச் திணறும். ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸ்ல இருந்து வர்றதால, நிஜமா 60-ல போறப்ப முள் 51-தான் காட்டும். கர்ப்பிணியைப் பின்சீட்டுல வெச்சுக்கிட்டுப் பொய் சொல்ற முள் எதுக்கு?

அழுக்கு மாப்பிள்ளை எல்லாப் பொருத்தத்துலயும் பாஸ். லாரி பார்சல்ல ஊர் வந்தார். பேரிங், ஆயில் சீல் எல்லாம் புதுசு போட்டோம். முதல் ரெண்டு நாள் ஆள் ஏத்தாம, அரிசி மூட்டை ஏத்தி சிவகாசி வரைக்கும் ஓட்டினார் தாத்தா. ஒவ்வொரு தடவையும் கீழே படுத்து ஆயில் கசியுதான்னு பார்க்கிற உத்தியோகம் எனக்கு!

வளைகாப்பு முடிஞ்சு கோவில்பட்டியில கிளம்பினோம். கை நிறைய வளையலோட அக்கா பின்சீட்டுல. சாத்தூர் தாண்டினதும் தாத்தா கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார், "பின்னாடி ஏதும் சத்தம் வருதா?"

"வருது தாத்தா. அக்கா குறட்டை!"

உங்க வீட்டு வாசல்லயும் ஒரு பழைய வண்டி நிக்குதா மக்கா? பார்ட்ஸ் வாங்கக் கிளம்புறதுக்கு முந்தி, அதுல யார் உட்காரப் போறாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. அப்புறம் மறக்காம, ரெண்டு சக்கரத்தையும் தூக்குங்க!