மச்சானின் கோட்டும் பத்து ரோடு டெய்லரும்

கிள்ளானில் காலை கொமுட்டர் ரயில் ஏறும்போது அக்கா மகன் கையில் ஒரு பை இருந்தது. உள்ளே அவன் அப்பாவின் கருப்புக் கோட்டு.

"டெய்லர்கிட்ட கொடுத்து அளவைக் கொஞ்சம் சின்னதாக்கினா போதும். புதுசுக்கு எதுக்குக் காசைக் கொட்டணும்?" என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். காசுக்காக மட்டும் அவர் அப்படிச் சொல்லவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

மச்சான் துறைமுகத்துக்குச் சரக்கு லாரி ஓட்டியவர். மகன் மூன்றாம் படிவம் படிக்கும்போது இறந்துவிட்டார். 1996இல் திருமண வரவேற்புக்காகத் தைத்த அந்தக் கோட்டை ஒரே ஒரு மாலைதான் போட்டார். இப்போது மகன் சட்டப் படிப்பை முடித்து, ஒன்பது மாத சேம்பரிங் பயிற்சியைத் தொடங்கப் போகிறான். நீதிமன்றம் போக கருப்புக் கோட்டு வேண்டும். அதை அப்பாவின் கோட்டாகவே போட்டுக்கொண்டு மகன் போவதைப் பார்க்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. தாய்மாமன் என்ற முறையில் டெய்லரிடம் அழைத்துப் போகும் பொறுப்பு என்னுடையது.

பேங்க் நெகாரா நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரத்தில் இருக்கிறது ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான். எல்.ஆர்.டி.யில் வருபவர்கள் பண்டாராயா அல்லது மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் இறங்கலாம். எங்கள் தலைமுறைக்கு இது இன்னும் பத்து ரோடுதான். சாலையின் இன்றைய பெயர் நாட்டின் முதல் மாமன்னருடையது. முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் வேறு, இவர் வேறு. மருமகனுக்கே அந்தக் குழப்பம் இருந்தது. "டெய்லருக்கு எண்ணிக் கொடுக்கப் போற ஒவ்வொரு நோட்டிலும் இவர் முகம்தான் இருக்கு" என்றேன். சிரித்தான்.

தலைநகரில் துணி என்றால் ஒரு காலத்தில் இந்தச் சாலைதான். தீபாவளிக்கு முன்பு அப்பா எங்களை குளோப் சில்க் ஸ்டோருக்கு அழைத்து வருவார். 1921 முதல் இருக்கும் கொலிசியம் கஃபேயை வெளியே நின்று பார்த்ததோடு சரி, உள்ளே போகும் வசதி அப்போது இல்லை. பக்கத்தில் மஸ்ஜிட் இந்தியா பகுதி. அங்கே புடவைக் கடை, நகைக் கடை, பூக்கடை என்று நம் முகங்கள். விஸ்மா யாக்கினுக்குள் பாஜு மெலாயு தைப்பவர்கள். சனிக்கிழமை மாலையானால் பாசார் மாலாம். மச்சானின் கோட்டைத் தைத்த கடையைத் தேடினோம். அதே இடத்தில் இப்போது தூடோங் விற்கிறார்கள்.

தெரிந்தவர் சொன்ன இன்னொரு கடைக்கு மாடிப்படி ஏறினோம். அறுபதைக் கடந்த தமிழ் முஸ்லிம் பெரியவர், கழுத்தில் அளவு நாடா. "வாங்க தம்பி" என்று மருமகனைக் கண்ணாடி முன் நிறுத்தினார். பையிலிருந்து கோட்டை எடுத்து அவனுக்குப் போட்டுவிட்டார். முன்னும் பின்னும் பார்த்தார். இரண்டு தோள்களிலும் விரலை வைத்து அழுத்தினார். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் பஞ்சுதான் அமுங்கியது.

"அப்பா நல்ல ஆளு போல" என்றார்.

"லாரி ஓட்டினாரு பாய்" என்றான் மருமகன்.

பிறகு பொறுமையாக விளக்கினார். கோட்டில் இடுப்பைக் குறைக்கலாம். கையின் நீளத்தைக் குறைக்கலாம். ஆனால் தோளைத் தொடுவது பெரிய வேலை. கையைக் கழற்றி, காலரைப் பிரித்து, முன்பக்கத்தைத் திரும்ப வெட்ட வேண்டும். வெட்டினாலும் பாக்கெட்டும் பட்டனும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. அதோடு மார்புப் பகுதியில் துணி சின்னச் சின்னதாக உப்பியிருந்ததைக் காட்டினார். உள்ளே பசையால் ஒட்டிய துணி காலப்போக்கில் விட்டுப்போனால் அப்படித்தான் கொப்புளம் போடுமாம்.

"நான் கூலி வாங்கிட்டு வெட்டித் தரலாம். ஆனா வெட்டினா அப்பா கோட்டும் இருக்காது, உங்களுக்கு ஒரு நல்ல கோட்டும் இருக்காது. இதை இப்படியே வீட்டில வைங்க தம்பி."

மருமகன் கோட்டைக் கழற்றி மடித்தான். அவனே கைப்பேசியில் அம்மாவை அழைத்தான். "அம்மா, அப்பா கோட்டு எனக்குப் பெருசும்மா. தோள்ல நிக்க மாட்டேங்குது." மறுமுனையில் சற்று நேரம் சத்தம் இல்லை. பிறகு அக்கா சொன்னது எனக்கும் கேட்டது. "பெருசாத்தான் இருக்கும். அவர் உடம்பு அப்படி." அடுத்து, "புதுசே தைச்சுக்கோ. மாமாகிட்ட கொடு" என்றார்.

அதன் பிறகு அந்தக் கடையில் இரண்டு மணி நேரம் இருந்தோம். முதல் சூட் தைக்கப் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு உதவும் என்பதால் அங்கே கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் நிறம். மருமகனுக்குத் தொழிலே கருப்பு கேட்கிறது. மற்றவர்கள் முதல் சூட்டைக் கருநீலத்திலோ அடர் சாம்பலிலோ எடுப்பது நல்லது என்கிறார் பெரியவர். நேர்முகத் தேர்வுக்கும் ஆகும், கல்யாணத்துக்கும் ஆகும். கால்சட்டையைத் தனியாகவும் போடலாம். பளபளக்கும் துணி கடை விளக்கில் அழகாக இருக்கும், வெயிலில் மலிவாகத் தெரியும்.

அடுத்து துணி. பாலியெஸ்டர் விலை குறைவு, கசங்காது. ஆனால் நம் ஊர் வெக்கையில் வியர்வையை உள்ளேயே வைத்துக்கொள்ளும். மெல்லிய கம்பளித் துணி காற்றை விடும். கம்பளி என்றால் சூடு என்று நினைக்க வேண்டாம், வெப்ப நாடுகளுக்கென்றே மெல்லியதாக நெய்கிறார்கள். கட்டுப்படியாகாதவர்கள் கம்பளி கலந்த துணி எடுக்கலாம். துணியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்து விடுங்கள். சுருக்கம் தானாக நிமிர்ந்தால் நல்ல துணி. முதுகுப் பக்கம் பாதிக்கு மட்டும் உள்துணி வைக்கச் சொன்னால் இன்னும் குளிர்ச்சி. 100, 120 என்று துணி ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எண் நூலின் மென்மையைச் சொல்கிறது. எண் கூடினால் துணி நீண்ட நாள் உழைக்கும் என்று அர்த்தமில்லை. தினமும் போடுபவருக்கு 100 அல்லது 110 போதும்.

மூன்றாவது, உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். மார்பில் கேன்வாஸ் வைத்துத் தைப்பது ஒரு முறை, பசைத்துணி ஒட்டுவது இன்னொரு முறை. கேன்வாஸுக்குக் கூலி கூடும், ஆனால் கோட்டு உடம்போடு படியும், கொப்புளம் போடாது. மார்பு வரை மட்டும் கேன்வாஸ் வைக்கும் நடுவழியும் உண்டு. நாங்கள் அதைத்தான் எடுத்தோம். துணி, கூலி எல்லாம் சேர்த்து 1,100 வெள்ளி ஆனது.

நான்காவது, அளவு. மருமகன் உடம்பை ஒட்டிப் பிடிக்கும் கோட்டு கேட்டான். பெரியவர் மறுக்கவில்லை. "உட்காருங்க, கையை முன்னால நீட்டுங்க. ஃபைல் தூக்கணும், பஸ் கம்பியைப் பிடிக்கணும்" என்று செய்து காட்டச் சொன்னார். அவனே ஓர் அங்குலம் தளர்த்திக்கொண்டான். பட்டன் போட்டால் வயிற்றில் எக்ஸ் போல மடிப்பு விழக்கூடாது. காலர் கழுத்தை விட்டு விலகக்கூடாது. சட்டைக் கை அரை அங்குலம் வெளியே தெரிய வேண்டும். கோட்டின் நீளம் பின்புறத்தை மறைக்க வேண்டும். கீழ்ப் பட்டனை எப்போதும் போடக்கூடாது. தையலுக்குள் கூடுதல் துணி விடச் சொல்லுங்கள். சம்பளம் வாங்க ஆரம்பித்தால் பிள்ளைகளின் இடுப்பும் வளரும்.

கடைசியாக, நேரம். ஹரிராயாவுக்கும் தீபாவளிக்கும் பல வாரங்களுக்கு முன்பே டெய்லர்கள் புது ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். ஒரு மாதமாவது கையில் வைத்துக்கொண்டு போங்கள். நடுவில் ஒரு ட்ரையல் கட்டாயம் வேண்டும். உங்கள் வேலைக்குப் போடும் சட்டையையும் சப்பாத்தையும் அணிந்துகொண்டு அந்த ட்ரையலுக்குப் போங்கள். விளையாட்டுச் சப்பாத்தோடு நின்றால் கால்சட்டையின் நீளம் தவறிவிடும்.

மூன்று வாரம் கழித்து, வெள்ளை நூல் ஓட்டியிருந்த கோட்டில் மருமகன் கண்ணாடி முன் நின்றான். பெரியவர் சாக்கட்டியால் வலது தோளில் ஒரு கோடு போட்டார். அவனுக்கு வலது தோள் சற்று இறங்கியிருக்கிறதாம். பள்ளிக் காலத்தில் புத்தகப் பையை ஒரே தோளில் மாட்டியிருப்பான் என்றார். 24 ஆண்டுகளாக நாங்கள் யாரும் கவனிக்காத ஒன்று.

வேலை முடிந்து கோட்டை வாங்க மறுபடி போனபோது பணத்தில் பாதியை மருமகன் கொடுத்தான். பகுதிநேர வேலையில் சேர்த்ததாம். மாமன் சீர் என்று நான் தடுத்தேன். "பாதி உங்க சீர் மாமா, பாதி என்னோடது" என்றான். அதற்கு மேல் நான் பேசவில்லை.

மாலையில் கிள்ளான் வந்தோம். அக்கா புதுக் கோட்டைத் தடவிப் பார்த்தார். அலமாரியைத் திறந்து மச்சானின் கோட்டுக்குப் பக்கத்தில் மாட்டினார். பெரியவர் சொல்லியனுப்பியதை ஞாபகமாகச் சொன்னேன். "அக்கா, இஸ்திரிப் பெட்டியை நேரா வைக்கக்கூடாதாம். ஈரத்துணி போட்டு அதுக்கு மேலதான் தேய்க்கணுமாம். இல்லேன்னா துணி மினுமினுக்க ஆரம்பிச்சிடும்."

"எனக்குத் தெரியும்டா" என்றார் அக்கா. "ஒவ்வொரு தீபாவளிக்கும் இந்தக் கோட்டை அப்படித்தானே தேய்ச்சு வைக்கிறேன்."