அனலாக் அணைவதற்கு முன்: அமெரிக்க வீடுகளின் ஆயத்தம், 2008–2009

2008 ஜனவரி 1

அமெரிக்காவின் முழுத்திறன் தொலைக்காட்சி நிலையங்கள் 2009 பிப்ரவரி 17 அன்று அனலாக் ஒளிபரப்பை நிறுத்த வேண்டும் என்று சட்டம் நாள் குறித்திருக்கிறது. டிஜிட்டல் அலையைப் பழைய டிவிக்கு ஏற்றதாக்கும் மாற்றிப் பெட்டி வாங்க அரசு தரும் கூப்பனுக்கு இன்று முதல் விண்ணப்பிக்கலாம். ஒரு கூப்பன் 40 டாலர் பெறும்; வீட்டுக்கு இரண்டு வரை கிடைக்கும். 90 நாளுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும்.

விண்ணப்பிக்கும் முன் வீட்டிலுள்ள டிவிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கேபிள் அல்லது செயற்கைக்கோள் இணைப்புள்ள டிவிக்கு இந்தப் பெட்டி தேவையில்லை. ஆன்டெனாவை மட்டும் நம்பியிருக்கும் டிவியில் டிஜிட்டல் டியூனர் உண்டா என்று பார்க்க வேண்டும். 2007 மார்ச் 1-க்குப் பின் தயாரான டிவிகளில் அது கட்டாயம். கூடத்து டிவிக்குக் கேபிள் இருந்தாலும், சமையலறையிலும் படுக்கையறையிலும் உள்ள சின்ன டிவிகள் ஆன்டெனாவில் ஓடுவது வழக்கம். கணக்கில் முதலில் விடுபடுபவை அவைதான்.

2008 பிப்ரவரி

கூப்பன்கள் தபாலில் வரத் தொடங்கியுள்ளன; கடைகளில் பெட்டிகளும் கிடைக்கின்றன. குறைந்த திறன் நிலையங்களுக்கு இந்தக் கெடு பொருந்தாது. ஆகவே, அத்தகைய உள்ளூர் நிலையத்தைப் பார்க்கும் வீடு, அனலாக் அலையையும் அப்படியே டிவிக்குக் கடத்தும் வகைப் பெட்டியை வாங்குவது நல்லது.

இணைப்பது எளிது. டிவியின் பின்புறம் செருகியிருக்கும் ஆன்டெனா கம்பியைக் கழற்றிப் பெட்டியில் செருக வேண்டும். பெட்டியிலிருந்து இன்னொரு கம்பி டிவிக்குப் போகும். டிவியை 3 அல்லது 4-ஆம் சேனலில் நிறுத்திவிட்டு, அதன்பின் பெட்டியின் ரிமோட்டால் மட்டுமே சேனல் மாற்ற வேண்டும். பழைய டிவியின் பின்னால் இரண்டு திருகுகள் மட்டும் இருந்தால், 75 ஓமை 300 ஓமாக மாற்றும் சிறு இணைப்பான் ஒன்றும் வேண்டும். ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டே வேறொன்றைப் பதிவு செய்பவர்களுக்கு இரண்டு பெட்டிகள் தேவைப்படும்.

2008 செப்டம்பர் 8

வட கரோலினாவின் வில்மிங்டன் நகரம் நாட்டுக்கே முன்னோட்டமாக இன்று நண்பகலில் மாறியது. வணிக நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பு நின்றது. புயல் காலம் என்பதால் பொது ஒளிபரப்பு நிலையம் மட்டும் அனலாக்கைத் தொடர்ந்தது.

டபிள்யூஇசிடி நிலையத்தின் பழைய அனலாக் அலை வெகுதூரம் எட்டியது; புதிய டிஜிட்டல் அலைக்கு அந்த வீச்சு இல்லை. அதனால் தொலைவிலிருந்த வீடுகள் பெட்டி வாங்கியும் அந்தச் சேனலை இழந்தன. அனலாக் அலை பலவீனமானால் படத்தில் புள்ளி விழும், ஆனாலும் பார்க்க முடியும். டிஜிட்டலில் ஒரு வரம்பு வரை படம் தெளிவாக இருக்கும். அதற்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து, அடியோடு மறைந்துவிடும். எனவே பெட்டியோடு ஆன்டெனாவின் வகை, உயரம், திசை ஆகியவற்றையும் முன்கூட்டியே சோதிக்க வேண்டும்.

2009 ஜனவரி

கூப்பனுக்கு ஒதுக்கிய பணம் வரம்பைத் தொட்டுவிட்டது. புதிய விண்ணப்பங்கள் காத்திருப்புப் பட்டியலில் சேர்கின்றன. கடைசி நேரத்தில் விண்ணப்பித்த ஏழைகளையும் முதியோரையும் இது அதிகமாக வாட்டுகிறது. அரசு முன்பே கவனித்திருக்க வேண்டிய குறை இது. இதற்கிடையே ஹவாய் மாநிலம் மட்டும் கெடுவுக்கு முன்பே 15-ஆம் தேதி மாறிவிட்டது. மவுயி தீவின் ஹலேயகலா மலையில் பழைய கோபுரங்களை அகற்றும் வேலை, அழிவின் விளிம்பிலுள்ள ஒரு கடற்பறவையின் கூடுகட்டும் பருவத்தைக் குலைத்துவிடக் கூடாது என்பது அதற்குக் காரணம்.

2009 பிப்ரவரி 11

அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தால் கெடு ஜூன் 12-க்குத் தள்ளிப்போனது. ஆனாலும் நூற்றுக்கணக்கான நிலையங்கள் பிப்ரவரி 17-க்குள்ளேயே மாறுகின்றன. புதிய தேதியை நம்பிச் சும்மா இருக்காமல், தத்தம் ஊர் நிலையங்களின் தேதியை வீடுகள் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

2009 ஜூன் 12

எஞ்சிய முழுத்திறன் நிலையங்களும் அனலாக்கை நிறுத்தின. அதுவரை தற்காலிகமாக யூஎச்எஃப் (மீவுயர் அதிர்வெண்) அலைவரிசையில் வந்த சில டிஜிட்டல் சேனல்கள் விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) பக்கம் திரும்பின. சிகாகோவின் டபிள்யூஎல்எஸ் 7-க்கும் பிலடெல்பியாவின் டபிள்யூபிவிஐ 6-க்கும் போயின. பல மாதங்களாகச் சரியாக ஓடிய பெட்டிகளிலும் அவை இன்று காணாமல் போகக் காரணம் இதுதான்.

மறுதேடல் இதற்குத் தீர்வு. ஆன்டெனா கம்பியைக் கழற்றிவிட்டு ஒருமுறை தேட வேண்டும். பெட்டி நினைவில் வைத்திருந்த பழைய பட்டியல் அழியும். கம்பியைச் செருகி மீண்டும் தேடினால் புதிய இடங்கள் பதிவாகும். அப்போதும் சேனல் வராவிட்டால் ஆன்டெனாவைப் பார்க்க வேண்டும். வளையம் மட்டும் உள்ள சிறு ஆன்டெனா யூஎச்எஃப் அலைக்கே ஏற்றது. விஎச்எஃப் அலையைப் பிடிக்க நீட்டக்கூடிய இரு கம்பிகள் உள்ளது தேவை. பெட்டி வாங்கி, ஆன்டெனாவைச் சரிபார்த்து, மறுதேடலும் செய்து முடித்த வீட்டில்தான் மாற்றம் முழுமை பெறுகிறது.