தூசிக்குக் கணக்கு உண்டு

கோயம்புத்தூரில் நகைப் பட்டறை எங்கே இருக்கிறது என்று கேட்டால் ராஜ வீதி, வைசியாள் வீதி, செல்வபுரம் என்று கை காட்டுவார்கள். பெயர்ப்பலகை தேடிப் பயனில்லை. மாடிப்படி ஏறும்போது வரும் திராவக நெடிதான் அடையாளம். செல்வபுரம் பக்கம் நான் பார்த்த பட்டறைக்கு ஒரே முதலாளி என்று யாரும் இல்லை. ஏழெட்டு ஆசாரிகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கும் கூடம் அது. மேசை அவரவருக்குத் தனி. தகடு மிஷின், கம்பி இழுக்கும் மேடை, உருக்கும் அடுப்பு, பாலிஷ் மோட்டார் எல்லாம் பொது. கூலிக்கு வேலை எடுக்கிறவர் இத்தனையையும் தனியாக வாங்கிப் போடக் கட்டுப்படியாகாது.

ஆனால் சாமணம், அரம், சுத்தியல் மூன்றையும் யாரும் யாருக்கும் இரவல் தருவதில்லை. அரத்தின் பல்லிடுக்கில் அவரவர் ராவிய தங்கம் இருக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொன்றைப் பெரியவர் சொன்னார். அங்கே மூத்தவர் அவர். "ஈயத்துல போட்ட அரம் தங்கத்துப் பக்கமே வரக் கூடாதுங்க தம்பி. துளி ஈயம் பட்டாப் போதும், அடிக்கிறப்ப தங்கம் விண்டு போயிரும்." பொது மேசையில் யார் எதை ராவினார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் அந்தக் கண்டிப்பு.

தகடு மிஷினில் வேலை செய்துகொண்டிருந்தவர் மேற்கு வங்கத்து மேதினிப்பூரிலிருந்து வந்த இளைஞர். இரண்டு எஃகு உருளைகளுக்கு நடுவே தங்கக் கட்டியைக் கொடுத்து, மேல் கைப்பிடியைக் கொஞ்சமாக இறக்கி, மறுபடி ஓட்டுகிறார். நாலைந்து ஓட்டத்தில் தங்கம் விறைத்துவிடுகிறது. அதற்கு மேல் நெருக்கினால் ஓரம் வெடிக்கும். உடனே எடுத்து, மங்கலாகச் சிவக்கும்வரை தீயில் காட்டி, தண்ணீரில் போடுகிறார். தண்ணீரிலிருந்து எடுத்ததும் மிஷினுக்குப் போகவில்லை. துணியால் துடைத்து, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, இன்னொரு முறையும் துடைத்தார். ஒரு சொட்டு ஈரம் உருளையில் தங்கினால் துருப்பிடிக்கும். துரு வைத்த புள்ளி அதன்பின் வருகிற ஒவ்வொருவர் தகட்டிலும் பதியும். அந்த இரண்டாவது துடைப்பு அடுத்து வருகிறவருக்காக. கூட்டுப் பட்டறையில் வேலை தெரிந்தவர் யார் என்பதை நான் அதை வைத்துத்தான் எடை போடுவேன்.

கேஸ் விளக்குக்கும் இப்படி ஒரு முறை இருக்கிறது. பற்ற வைக்கும்போது கேஸ் முன்னால், ஆக்சிஜன் பின்னால். அணைக்கும்போது ஆக்சிஜனை முதலில் மூட வேண்டும். பாலிஷ் மோட்டாரில் செயினைத் தொங்கவிட்டுக் காட்டவே கூடாது. சக்கரம் செயினைச் சுருட்டி இழுத்தால் விரலும் கூடப் போகும். மரக்கட்டையில் இறுக்கிச் சுற்றித்தான் காட்டுகிறார்கள், அதுவும் சக்கரத்தின் கீழ்ப்பாதியில். கை நழுவினாலும் பொருள் கீழே போகுமே தவிர முகத்துக்கு வராது.

மோட்டாருக்குப் பக்கத்தில் ஆணியில் கயிறு கட்டி ஒரு நோட்டு தொங்குகிறது. தேதி, பெயர், பாலிஷுக்கு வந்த எடை. கடைக்காரர் தங்கத்தை நிறுத்துக் கொடுத்து, நகையாக நிறுத்து வாங்குகிறார். நடுவில் குறைவதற்கு இவ்வளவு சேதாரம் என்று பேச்சு. அதற்கு மேல் குறைந்தால் ஆசாரியின் கைக்காசு. ஆகவே தூசி என்பது கூலியின் ஒரு பகுதி. வேலை முடிந்ததும் மோட்டாரின் தூசிப் பெட்டியைத் தூரிகையால் கூட்டி அவரவர் டப்பாவில் எடுத்துக்கொள்கிறார்கள். பெட்டியின் இடுக்குகளில் ஒட்டியது பொது. கை கழுவுகிற தண்ணீரும் சாக்கடைக்குப் போவதில்லை, டிரம்மில் தெளிய வைக்கிறார்கள். சேர்ந்ததை எரித்துச் சுத்திகரிக்கக் கொடுத்து, வருகிற தங்கத்தை நோட்டிலுள்ள எடைக் கணக்குப்படி பிரிக்கிறார்கள். "இதுல பொய் எழுதுனா அன்னிக்கே தெரியாதுங்க. ஆனா தெரியாமப் போகாதுங்க" என்றார் பெரியவர். இவ்வளவுக்குப் பிறகும் தப்புகிற துகளை நம்பி, தெருவில் சாக்கடை மண் அரிக்கிறவர்களின் பிழைப்பு நடக்கிறது.

இந்தக் கூட்டு வாழ்க்கைக்குப் பின்னால் ஒரு காயம் இருக்கிறது. 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்வதைத் தடுத்தன. நாடு முழுக்கப் பொற்கொல்லர் குடும்பங்கள் நிலைகுலைந்தன. பெரியவரின் அப்பா பட்டறையை மூடிவிட்டு மில்லுக்குப் போனார். 1990-ல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமே நீக்கப்பட்டது. ஆனால் அதற்குள் பலருக்குக் கருவி மிஞ்சவில்லை, முதலும் மிஞ்சவில்லை.

என்னை உறுத்தியது அங்கே இருந்த காற்று. தூசியை மில்லிகிராம் கணக்கில் பிரித்துக்கொள்கிற இடத்தில் புகைக்குக் கணக்கில்லை. பற்றவைப்பில் காட்மியம் கலந்த பொடி, அதாவது ஒரு காலத்தில் பெருமையாக விற்ற கேடிஎம், நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தங்கம் உருகுவது 1,064 டிகிரி செல்சியஸில். காட்மியமோ 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஒருவர் மேசையில் எழும் அந்த ஆவியைக் கூடத்தில் உள்ள எல்லோரும் சுவாசிக்கிறார்கள். இந்தப் பட்டறையில் காட்மியத்தை நிறுத்திவிட்டார்கள். திராவகப் புகையும் பாலிஷ் தூளும் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கு எதிராக இருப்பது ஒரு ஜன்னலும் ஒரு சின்ன மின்விசிறியும்தான்.

குறு, சிறு தொழில் தொகுப்புகளுக்குப் பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் மானியத் திட்டம் இருக்கிறது. அதற்கு விண்ணப்பம் எழுதும் நகைத் தொழிலாளர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்: இயந்திரப் பட்டியலின் முதல் வரியில் புகைபோக்கியையும் தூசி உறிஞ்சியையும் எழுதுங்கள். வார்ப்பு மிஷினும் லேசரும் அதற்குப் பிறகு வரட்டும்.