நள்ளிரவிலும் எரியும் அடுப்பு

கல்முனைப் பட்டினத்தின் பிரதான வீதியில் இரவு பத்து மணியானால் புடைவைக் கடைகள் பூட்டிவிடும். அதன் பிறகும் வெளிச்சம் தெரிவது சிறிய சாப்பாட்டுக் கடைகளில்தான். பெயர்ப்பலகை மங்கியிருக்கும். உள்ளே நாலைந்து மேசைகள், பிளாஸ்டிக் கதிரைகள். வாசலோரம் சூடேறிய இரும்புத் தட்டில் இரண்டு தகடுகள் மாறி மாறி விழும் ஓசை அடுத்த தெருவுக்கும் கேட்கும். அங்கே கொத்து றொட்டி தயாராகிறது.

வீசிச் சுட்ட கோதுமை றொட்டியைத் துண்டு துண்டாகக் கொத்தி, முட்டை, வெங்காயம், லீக்ஸ், கரட் சேர்த்து, இறைச்சி ஆணத்தை ஊற்றிப் பிரட்டுவார்கள். இது நமது கிழக்கு மாகாணத்தில் பிறந்த உணவு என்று பலரும் சொல்வார்கள். மிஞ்சிய றொட்டியும் ஆணமும் வீணாகாமல் சுடச்சுடப் புதிய சாப்பாடாகிவிடும். தூரப் பயணத்து பஸ்ஸில் வந்து இறங்குவோர், லொறிச் சாரதிகள், கடலுக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை நிற்பவர்கள் எனப் பலருக்கும் பசியாற்றுவது இதுதான். நோன்பு மாதத்தில் தறாவீஹ் தொழுகைக்குப் பின்னும் சனம் கூடும்.

இந்த வெளிச்சம் எப்போதும் இருந்ததில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டபின், பொழுது சாய்ந்தால் கதவை அடைத்துக்கொண்டு இருந்த காலத்தை நாம் மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோரைக் கொண்டுபோனது. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் அடுப்பிருந்த வீடுகளே இல்லாமற் போயின. 2009இல் போர் முடிந்தது. 2019 ஏப்ரலில் மறுபடியும் ஊரடங்கு வந்தது. 2022இல் காஸ் இல்லாமல் விறகு தேடினோம். ஊர் அச்சப்படும்போதெல்லாம் முதலில் அணைவது இரவுக் கடையின் அடுப்புத்தான்.

போர் கண்ட வேறு நாடுகளிலும் இப்படியே. வியட்நாமில் ‘ஃபோ’ என்றொரு உணவு உண்டு. மாட்டெலும்பை மணிக்கணக்காக அவித்த சாற்றில் அரிசி நூடில்ஸும் இறைச்சியும் போட்டுத் தருவார்கள். 1960களின் போர்க்காலத்தில் ஹனோய் நகரின் அரசாங்கக் கடைகளில் இறைச்சி இல்லாத ஃபோ விற்கப்பட்டது. அமெரிக்காவின் ஆளில்லா விமானங்களை நினைத்து, சனங்கள் அதற்கு ‘ஆளில்லா ஃபோ’ என்று கேலிப்பெயர் வைத்தார்கள். 1975இல் போர் முடிந்தது. 1986இல் பொருளாதாரக் கட்டுப்பாடுகள் தளரத் தொடங்கியபின் சிறு கடைகள் பெருகின. நடைபாதையில் ஒரு பானையும் சில குட்டிக் கதிரைகளும் வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர்களில் பெண்கள் ஏராளம்.

நமது கரையிலும் பெண்களின் கை அந்த அடுப்பில் இருக்கிறது. ஆனால் வெளியே தெரிவதில்லை. கடையில் தட்டின் முன் நிற்பது ஆண். அங்கே விற்கும் இடியப்பத்தையும் பிட்டையும் வீட்டில் அவித்து அனுப்புவது பல இடங்களில் பெண்களே. அவர்களில் கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் சகோதரிகளும் உள்ளனர். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கும் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கும் நாம் கூட்டமாக வெளியே போகிறோம். மற்ற இரவுகளில் அந்தக் கடைகளில் பெண்கள் அமர்ந்து சாப்பிடுவது அரிது. நாம் அவித்தது மேசைக்குப் போகிறது, நாம் போவதில்லை.

உள்ளே போவது அவரவர் விருப்பம். கூலி அப்படியல்ல. இடியப்பம் அவிக்கும் சகோதரிகள் மாவு, விறகு, தேங்காய் ஆகியவற்றின் செலவோடு தமது உழைப்பு நேரத்தையும் சேர்த்து விலை பேச வேண்டும். ஒரு கொப்பியில் திகதி, கொடுத்த எண்ணிக்கை, வந்த காசு, நிலுவை ஆகிய நான்கையும் எழுதுங்கள். “காக்கா, இதில ஒரு கையெழுத்து வைங்க” என்று கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. ஒரே தெருவில் அவிப்பவர்கள் மாதர் சங்கத்தில் கூடி ஒரே விலை சொன்னால், ஒருத்தியைக் காட்டி இன்னொருத்தியின் விலையைக் குறைக்க முடியாது.

அடுத்த முறை வீட்டுக்குக் கொத்துப் பார்சல் வந்தால், கூடவே வரும் இடியப்பத்தையும் கவனியுங்கள். அதை அவித்த சகோதரிக்கு இந்த வாரக் காசு கிடைத்ததா என்று விசாரியுங்கள்.