நீரோவின் கழுத்து

ரோம் தெர்மினி ரயில் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது பலாத்ஸோ மாஸ்ஸிமோ அருங்காட்சியகம். உள்ளே நுழைந்தவர்கள் எல்லாரும் பேரரசி லிவியாவின் தோட்ட ஓவியங்களைப் பார்க்க மாடி ஏறினார்கள். நான் நிலவறைக்கு இறங்கினேன். காசுகள் அங்கேதான் இருக்கின்றன. துணைக்கு ஒரு காவலர். கண்ணாடிப் பேழைகளின் மேல் உருப்பெருக்கி. பொத்தானை அழுத்தினால் காசுக்குக் காசு நகர்கிறது. வெற்றுக்கண்ணால் பார்த்தால் பாதிக் கதை போய்விடும்.

நெடுநேரம் நின்றது நீரோவிடம். நம் பழைய வெள்ளி ரூபாயைவிடப் பெரிய செஸ்டெர்டியஸ், பித்தளைக் காசு. அதில் இரட்டை நாடி, காளையின் கழுத்து, அடுக்கடுக்காகச் சுருட்டிய முடி. செதுக்கியவன் எதையும் மறைக்கவில்லை. மறைக்கும்படி யாரும் சொல்லவும் இல்லைபோல.

இதே நீரோ 16 வயதில் பட்டத்துக்கு வந்த கி.பி. 54ஆம் ஆண்டின் பொற்காசில் மெலிந்த பையன். எதிரே, முகத்தோடு முகம் பார்த்தபடி, தாய் அக்ரிப்பினா. முன்பக்கத்தைச் சுற்றி ஓடுவது அவள் பெயர். மகன் பெயர் பின்பக்கத்தில். ஆட்சி யார் கையில் என்று இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது. அடுத்த ஆண்டே இடம் மாறுகிறது. மகன் முன்னே, தாய் அவனுக்குப் பின்னால் பாதி மறைந்து. அவள் பெயரும் பின்பக்கம் போய்விட்டது. அப்புறம் காசில் அவளே இல்லை. 59இல் மகனே ஆள் விட்டுக் கொன்றான். அரண்மனைக்குள் நடந்ததைச் சந்தையில் மீன் வாங்குகிறவன்கூடக் கைக்காசைப் பார்த்து ஊகித்திருக்கலாம்.

அந்தப் பெரிய காசுகளில் ஒருவகையின் பின்பக்கத்தில் ஓஸ்தியாத் துறைமுகம், மேலிருந்து பார்ப்பதுபோல: வளைந்த கரை, நடுவே கப்பல்கள். தானியம் வந்து சேரும், பட்டினி கிடக்க மாட்டீர்கள் என்ற வாக்குறுதி. துறைமுகத்தைக் கட்டத் தொடங்கியவர் நீரோவுக்கு முன் ஆண்ட கிளாடியஸ். காசில் பேர் வாங்கியவன் நீரோ. இந்த வித்தை நமக்குப் புதிதா என்ன?

வெஸ்பாசியன் காலத்துக் காசில் பேரீச்ச மரம். அதன் கீழே தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் பெண், தோற்ற யூதேயா. ஜெருசலேம் எரிந்தது 70இல். அந்த அழுகையை ஆண்டுக்கணக்கில் அச்சடித்துச் செலவழித்திருக்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டுப் பேழைகளை வேகமாகக் கடந்தேன். செம்பின் மேல் வெள்ளிப் பூச்சு, அதன் மேல் கம்பீரமான முகங்கள்.

திரும்பும் வழியில் கால் நின்றது ஒரு சின்ன வெள்ளித் தெனாரியஸ் முன்னால். கேடயமும் ஈட்டியுமாக இரண்டு இளைஞர்கள்: அகஸ்டஸ் தத்தெடுத்த பேரன்கள் காயஸ், லூசியஸ். அடுத்து ஆளப்போகிறவர்கள் இவர்களே என்ற அறிவிப்பு. லூசியஸ் கி.பி. 2இல் இறந்தான், காயஸ் 4இல். அறிவிப்பு மட்டும் கடல் தாண்டி நம்மூர் வந்தது. கொங்கு நாட்டுப் புதையல்களில் இந்தக் காசு ஏராளம். நம்மவர்களுக்கு அது வாரிசுச் செய்தியாகவா பட்டிருக்கும்? நல்ல வெள்ளி, அவ்வளவுதான். 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே ஓர் உளிவெட்டு. இனி இது காசு இல்லை, வெறும் பொன் என்பதற்கான குறி என்பார்கள்.

போகிறவர்கள் திங்கட்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும். மாடிக்கு ஏறுமுன் நிலவறைக்கு இறங்கிவிடுங்கள். கால் ஓய்ந்த பிறகு காசு பார்க்கப் பொறுமை இருக்காது.