தெலுங்கு கேட்காத வேலை

ஹைதராபாத்தில் 1998-ஆம் ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன. இன்று ஷாமீர்பேட்டையில் இருக்கும் நல்சார் சட்டப் பல்கலைக்கழகம் அந்த ஆண்டுதான் நிறுவப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் மாதாப்பூரின் சைபர் டவர்ஸ் கட்டடத்தை அன்றைய பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்தார். ஊரின் இரு கோடிகளில் தொடங்கிய சட்டப் படிப்பும் மென்பொருள் தொழிலும் சில ஆண்டுகளில் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தன. 2004-இல் தொடங்கிய குயிஸ்லெக்ஸ் போன்ற நிறுவனங்கள் அமெரிக்க வழக்குகளின் ஆவணங்களை இங்கிருந்தபடி படித்துக் கொடுத்தன. 2017-இல் சிரில் அமர்சந்த் மங்கள்தாஸ் சட்ட நிறுவனம் கீரா என்ற ஒப்பந்தம் படிக்கும் மென்பொருளை வாங்கியபோது, வக்கீல்களின் அலுவலகத்துக்குள்ளேயே தொழில்நுட்பம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. தமிழ்நாட்டில் சட்டம் படித்துவிட்டுப் பிழைப்புக்காக இந்த ஊருக்கு வரும் இளைஞருக்கு அந்த நாற்காலி வசதியான ஒன்று. சிட்டி சிவில் கோர்ட்டில் ஜூனியராகச் சேர்ந்தால் கட்சிக்காரரிடம் தெலுங்கில் பேச வேண்டும். பழைய நகரத்து வழக்காக இருந்தால் உருதுவும் வேண்டும். மாதாப்பூர் மேசைக்கு ஆங்கிலம் போதும். அந்த வேலையில் தயங்காமல் சேரலாம், அதுவும் முழுமையான சட்ட வேலைதான் என்பதே என் கருத்து. ஆனால் தெலுங்கு கேட்காத வேலை என்பதற்காகவே அதைப் பிடித்துக்கொண்டு, ஊரின் மொழியையும் ஊரின் காகிதத்தையும் படிக்காமலே இருந்துவிடுகிறவருக்குத் தொழிலின் பாதி கடைசிவரை கைக்கு வராது.

சட்ட வேலைதான் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்த மேசையில் நடப்பதைக் கிட்டப்போய்ப் பார்த்தால் தெரியும். ஒரு கம்பெனி மேலாளர் தன் கம்பெனியின் சம்பள வக்கீலுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறார். ஆடிட்டருக்கும் ஒரு நகல் போகிறது. மூன்று பத்தி கணக்கு வழக்கு, நடுவே ஒரே ஒரு வரியில் சட்ட ஆலோசனை கேட்கிறார். இதை எதிர்த்தரப்புக்குக் கொடுக்கலாமா, வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியம் என்று ஒதுக்கி வைக்க வேண்டுமா? ஆடிட்டர் பார்த்ததால் ரகசியம் கெட்டுவிட்டதா? அமெரிக்க வழக்கானால் கம்பெனியின் உள்வக்கீலுக்கு எழுதிய கடிதத்துக்கும் பொதுவாகப் பாதுகாப்பு உண்டு. இங்கே அப்படி இல்லை. சம்பளத்துக்கு வேலை செய்யும் உள்வக்கீல் ‘அட்வகேட்’ ஆக மாட்டார், புதிய சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு அவருக்கு இல்லை, 134-ஆம் பிரிவின் குறுகிய பாதுகாப்பே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபர் 31 அன்று சொல்லிவிட்டது. மின்னஞ்சல் ஒன்றுதான், எந்த நாட்டு வழக்கு என்பதைப் பொறுத்து அதன் மேல் குத்தும் முத்திரை மாறுகிறது. அந்த முத்திரையைக் குத்துகிறவரை எழுத்தர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். தொழில்நுட்பமும் சட்டமும் ஒன்றையொன்று அறியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை, தெலங்கானாவின் தரணி தளமே போதும். 2020 அக்டோபர் 29 அன்று அது தொடங்கப்பட்டது. விவசாய நிலத்தின் பதிவும் பட்டா மாற்றமும் ஒரே இடத்தில், ஒரே நாளில் முடியும் என்ற நோக்கம் நல்ல நோக்கம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கென வந்த 2020-ஆம் ஆண்டுச் சட்டம் வருவாய் நீதிமன்றங்களை எடுத்துவிட்டது. கணினியில் பெயர் தவறாக ஏறினாலும், ஐந்து ஏக்கர் நான்கானாலும், சொந்த நிலம் தடை செய்யப்பட்ட பட்டியலில் போய் விழுந்தாலும் தாசில்தாரிடம் முறையிட்டுத் திருத்திக்கொள்ளும் பழைய வழி அடைபட்டது. பஹாணி என்ற நிலப் பதிவேட்டில் காலங்காலமாக இருந்த ‘அனுபவதார்’ என்ற கட்டம் திரையில் இல்லை. நிலத்தை யார் அனுபவித்து வருகிறார் என்பதைச் சொல்லும் கட்டம் அது. குத்தகைக்கு உழுதவருக்கும் வாய்மொழிக் கிரயத்தில் வாங்கியவருக்கும் இருந்த ஒரே எழுத்துத் தடயம். மென்பொருள் எழுதுகிறவருக்கு அது நீக்கத்தக்க ஒரு கட்டமாகத் தெரிந்திருக்கலாம். வழக்காடுகிறவருக்கு அதுதான் வழக்கே. புகார்கள் குவிந்தன, ஆட்சி மாறியது, 2025 ஏப்ரல் 14 அன்று பூ பாரதி என்ற புதிய தளம் வந்தது. அதன் சட்டத்தில் மேல்முறையீட்டு அடுக்குகள் திரும்பி வந்தன. ஒரு திரையில் எத்தனை கட்டம் இருக்க வேண்டும் என்பது இவ்வளவு பெரிய சட்டக் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, மென்பொருளும் பஹாணியும் தெரிந்த ஒரே ஆள் வேண்டும். அந்த ஆளாகும் வாய்ப்பு இந்த ஊரில் சட்டத் தொழில்நுட்பத்தில் இறங்கும் பட்டதாரிக்குத்தான் அதிகம்.

கட்சிக்காரர் நியூயார்க்கில் இருக்கும்போது பஹாணி எதற்கு என்று கேட்கலாம். இன்றைய வேலைக்கு வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் ஆங்கில ஆவணங்களை வாசித்துப் பிரிக்கும் வேலையை இயந்திரம் எப்போதோ தொடத் தொடங்கிவிட்டது. கணினியே ஆவணங்களைத் தரம் பிரிப்பதை நியூயார்க் நீதிமன்றம் 2012-இலேயே டா சில்வா மூர் வழக்கில் ஏற்றுக்கொண்டது. இப்போது ஒப்பந்தமே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. அதை நம்பிக் கெட்டவர்களும் உண்டு: இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதற்காக 2023-இல் நியூயார்க்கில் வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது, 2024-இல் பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயத்தின் ஆணை ஒன்றிலேயே அப்படிப்பட்ட மேற்கோள்கள் புகுந்து, ஆணையைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. இதனால் வேலை போகாது என்று நான் ஆறுதல் சொல்ல வரவில்லை. ஆங்கிலம் மட்டும் கேட்கும் வேலைதான் முதலில் போகும் என்கிறேன். கையால் எழுதிய பழைய உருது, தெலுங்குப் பதிவேட்டைப் படித்து, இந்த வாரிசு விடுபட்டிருக்கிறாரே என்று பிடிக்கிற கண்ணுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு, அதைச் சுற்றிவளைத்துக் கடந்துபோக எனக்கு விருப்பமில்லை. பார் கவுன்சில் விதி 49-இன்படி முழுநேரச் சம்பள ஊழியர் வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது. சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் 2025 மே மாதத் தீர்ப்பு விதித்தது. அப்படியானால் மாதாப்பூரில் கழியும் மூன்று ஆண்டுகள் கணக்கில் வராது. நீதிபதியாக நினைப்பவருக்கு இது பெரிய இழப்பு. அவர் கோர்ட்டுக்கே போகட்டும். மற்றவர்கள் வேலை ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் பார்க்க வேண்டும்: நம்மைச் சம்பள ஊழியராக எடுக்கிறார்களா, ரீடெயினர் வாங்கும் வக்கீலாகவா? கோர்ட்டுக்குப் போனால் மட்டும் வயிறு நிறைந்துவிடுமா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டிய நிலை இருந்தது. வாடகைக்கு அறை எடுத்துத் தங்கும் வெளியூர்ப் பிள்ளை சம்பளம் வரும் இடத்தைத் தேடுவதைக் குற்றமாகப் பேசுவது எனக்கு வேதனையாக இருக்கிறது. சட்டமும் இதில் கதவை முழுக்கச் சாத்தவில்லை. சென்னையிலிருந்து போன ஏ.கே. பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல், தட்டச்சு, பிழைதிருத்தம் போன்ற துணைச் சேவைகள் வக்கீல் சட்டத்துக்குள் வராது என்றது. ஆனால் பெயர் எதுவானாலும் உள்ளடக்கம் சட்டத் தொழிலாக இருந்தால் சட்டம் பொருந்தும் என்றும் சொன்னது. உள்ளடக்கத்தைப் பார்த்துத்தான் கட்டுப்பாடு என்றால், உள்ளடக்கத்தைப் பார்த்து அனுபவத்தையும் கணக்கில் எடுக்கலாமே. நீதிபதியிடம் லா கிளார்க்காக இருந்த காலத்தை அந்த மூன்றாண்டில் சேர்க்க நீதிமன்றம் இடம் கொடுத்திருக்கிறது. ரகசிய முத்திரை குத்துகிறவரின் காலத்தையும் அதே தராசில் வைத்துப் பார்க்கும்படி பார் கவுன்சிலிடம் கேட்க நியாயம் இருக்கிறது.

தமிழருக்குத் தெலங்கானாவின் சட்ட மொழி அப்படியொன்றும் அந்நியமில்லை. சென்னை ராணுவத்தோடு சிகந்தராபாத்துக்கு வந்த தமிழர்கள் தெலுங்கும் தக்கினியும் பேசித்தான் இங்கே வேரூன்றினார்கள். பத்மாராவ் நகர் ஒரு முதலியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வக்கீல், வக்காலத்து, ஜாமீன், ஜப்தி, தாவா, இனாம் என்று நாம் சென்னையில் சொல்லும் சொற்களே மூசிக்கரை உயர் நீதிமன்றத்திலும் காதில் விழும். இனாம் ஒழிப்புச் சட்டம் இங்கே 1955, நமக்கு 1963. ஆந்திராவில் இன்னும் அடங்கல் என்றே சொல்கிறார்கள். நிஜாம் ஆண்ட பகுதியில் அது பஹாணி. நம் ஊர் அடங்கலைப் பார்த்துப் பழகியவர் 1954–55-ஆம் ஆண்டு கஸ்ரா பஹாணியின் நகல் ஒன்றை மேசையில் விரித்து வைத்தால், சர்வே எண், பட்டாதாரர், அனுபவதார் என்று கட்டம் கட்டமாக விரல் வைத்துப் போகலாம். எழுத்துதான் புதிது.