கடப்பாரைக்கு ஒரு துணை

"பாப்பா, ஒரு நாளைக்கு இருபது குழி எடுத்த கை இது. இப்ப ஆறு குழிக்கே இடுப்பு 'போதும்டா சாமி'ங்குது."

போன வருடம் ஆடி மாதத்தில் அண்ணன் இப்படிச் சொன்னார். கூடப்பிறந்த அண்ணன் இல்லை. அப்பா காலத்திலிருந்து எங்கள் கொல்லையில் வேலை பார்ப்பவர். அவருக்கு 66 வயது. எனக்கு 52 ஆகியும் அவருக்கு நான் இன்னும் 'பாப்பா'தான்.

திருவண்ணாமலையிலிருந்து வேட்டவலம் போகும் சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் கொல்லை எங்களுக்கு. அப்பா இருந்தவரை மல்லாட்டை போட்டார். அவருக்குப் பிறகு காய் பறிக்க ஆள் கிடைக்காமல் மூன்று வருடம் தரிசாகக் கிடந்தது. சரி, மரமாவது வைப்போம் என்று வேம்பு, புங்கன், நாவல் என 200 கன்றுகளுக்குச் சொல்லிவிட்டேன். எங்கள் மலையே பாதி மொட்டையாக நின்றதைப் பார்த்து வளர்ந்தவள் நான். 1980-களின் பிற்பகுதியிலிருந்து எத்தனையோ பேர் கன்று நட்டு, தண்ணீர் சுமந்து ஊற்றி, கோடையில் தீயோடு போராடித்தான் இன்று கிரிவலம் போகிறவர்கள் பார்க்கும் பச்சை வந்திருக்கிறது. மலைக்கே முடிந்தது ஒன்றரை ஏக்கருக்கு முடியாதா என்ற தைரியம்தான்.

200-ஐ ஆறால் வகுத்துப் பார்த்தேன். 34 நாள்! அதற்குள் அண்ணனின் இடுப்பு என்ன ஆகும்? ஐப்பசி மழைக்குள் நட்டு முடிக்க வேண்டும். கூட வேலைக்கு வர ஆளும் இல்லை.

குழி தோண்டும் மிஷின் வாங்குவது என்று முடிவெடுத்தேன். கடையில் அதை 'எர்த் ஆகர்' என்கிறார்கள். மேலே பெட்ரோல் இன்ஜின், கீழே திருகாணி மாதிரி நீளமான இரும்பு பிட். அண்ணனிடம் சொன்னேன். "வாங்கிக்க பாப்பா, நல்லதுதான்" என்றார். அன்று சாயங்காலம் கடப்பாரையைக் கழுவித் துடைத்து, கொட்டகையின் கடைசி மூலையில் கொண்டுபோய்ச் சாத்தினார். வழக்கமாக அதை வாசலுக்குப் பக்கத்தில்தான் வைப்பார். எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வாங்குவதற்கு முன்னால் ஒன்றை ஓட்டிப் பார்க்கலாம் என்று தெரிந்தவரிடம் இரவல் வாங்கினோம். 68 சிசி இன்ஜின், 12 அங்குல பிட். என் தம்பிதான் பிடித்தான். முதல் குழி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது. இரண்டாவது குழியில் ஒரு அடி போனதும் 'டங்'கென்று சத்தம். அடியில் பாறை. பிட் அப்படியே நின்றது. கைப்பிடி சுழன்று தம்பியின் மணிக்கட்டைத் திருகிவிட்டது. மூன்று வாரம் கையில் கட்டு.

பிறகு யோசித்தபோது காரணம் புரிந்தது. இன்ஜின் சுற்றிக்கொண்டிருக்கும்போது பிட் நின்றுவிட்டால், அந்த விசை எங்காவது போயாக வேண்டும். பிடித்திருப்பவர் கைக்குத்தான் வரும். இன்ஜின் பெரிதாக ஆக உதறலும் பெரிது. பிட் அகலமாக ஆக, கல்லிலோ வேரிலோ மாட்டும் வாய்ப்பும் அதிகம்.

அந்த வாரம் டொராண்டோவில் இருக்கும் பெரியப்பா பேரனிடம் போனில் புலம்பினேன். அவன் சிரித்தான். "அத்தை, இங்கயும் இதே மிஷின்தான். குளிர்காலத்துல சிம்கோ ஏரி உறைஞ்சதும், பனிக்கட்டியில ஓட்டை போட்டு மீன் பிடிப்போம். நான் முதல்ல பெருசா வாங்கிட்டு, தூக்கிட்டு நடக்க முடியாம வித்துட்டேன். இப்ப சின்னதா பேட்டரியில ஓடுறது வச்சிருக்கேன். பனிக்கட்டி மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரே மாதிரி இருக்கும். உங்க மண்ணு அப்படியா? அடியில என்ன இருக்குன்னு தெரிஞ்சவங்களக் கேளுங்க."

தெரிந்தவர் யார்? கொட்டகை மூலையில் கடப்பாரையைச் சாத்திவைத்தவர்தான்!

மறுநாள் அண்ணனையும் கடைக்கு அழைத்துப் போனேன். "பெருசா எடுங்கம்மா, எதையும் தாங்கும்" என்றார் கடைக்காரர். அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எங்க மண்ணு தாங்குமாய்யா?" செம்மண், ஒரு முழத்துக்குக் கீழே சரளை, நடுநடுவே பாறை. அதை அவர் சொல்லச் சொல்ல, கடைக்காரர் பெரிய மிஷினை ஓரம் தள்ளினார்.

கடைசியில் 52 சிசி இன்ஜினும் 8 அங்குல பிட்டும் வாங்கினோம். சின்னப் பையில் வரும் கன்றுக்கு அது போதும். அகலம் வேண்டிய இடத்தில் பக்கத்திலேயே இன்னொரு துளை போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். பணம் கொடுப்பதற்கு முன் மிஷினை நானே தூக்கிப் பார்த்தேன், கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்து பார்த்தேன். மெதுவாக ஓடும்போது பிட் சுற்றாமல் நிற்கிறதா என்றும் கவனித்தேன். சரளையில் பிட்டின் பல் சீக்கிரம் தேயும் என்பதால் மாற்றுப் பல் ஒரு செட் வாங்கிக்கொண்டேன். உதிரி பாகம் ஊரிலேயே கிடைக்கும் என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் பணம் கொடுத்தேன்.

நீங்களும் வாங்குவதாக இருந்தால் சில விஷயங்கள். இது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். வெறும் பெட்ரோல் ஊற்றினால் இன்ஜின் இறுகிப்போகும். 2டி ஆயில் கலந்தே ஊற்ற வேண்டும். சில மிஷினுக்கு லிட்டருக்கு 40 மில்லி, சிலதுக்கு 20 மில்லி. கூட வரும் கையேட்டில் உள்ள அளவுதான் சரி. ஓட்டும்போது துண்டு, முந்தானை, துப்பட்டா எதுவும் தொங்கக் கூடாது. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். பிட் மாட்டிக்கொண்டால் முறுக்காதீர்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு, கையால் பின்பக்கமாகத் திருப்பி எடுங்கள். அரசு மானியத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பண்ணைக் கருவிகளுக்கு 50 சதவீதம் வரை மானியம் உண்டு. நீங்கள் வாங்க நினைக்கும் கருவி அதில் வருகிறதா என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். பத்து இருபது குழிதான் என்றால் வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள்.

வேலை தொடங்கிய அன்று மூலையிலிருந்த கடப்பாரையை நானே எடுத்துவந்து அண்ணன் கையில் கொடுத்தேன். "நீங்க குத்திப் பார்த்துச் சொன்ன இடத்துலதான் மிஷின் இறங்கணும்" என்றேன். ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் முன்னால் போவார். கடப்பாரையை ஒரு முறை குத்துவார், சத்தத்தைக் கேட்பார். "இங்க வேணாம், ஒரு முழம் தள்ளி வை" என்பார். பின்னாலேயே கை சரியான தம்பி மிஷினோடு போவான். முதல் நாளே 40 குழி! ஒருமுறைகூடக் கைப்பிடி உதறவில்லை.

மூன்றாம் நாள் தூறல் போட்டது. ஈர மண்ணில் மிஷின் போட்ட குழியின் சுவர், மெழுகிய தரை மாதிரி வழவழவென்று இருந்தது. அண்ணன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தார். "இப்படி இருந்தா வேரு எப்படிப் போகும்? தொட்டியில வச்ச செடி மாதிரி உள்ளயே சுத்திக்கிட்டு நிக்கும்" என்று கடப்பாரை நுனியால் சுவரை நாலு பக்கமும் கொத்திவிட்டார். மிஷின் கையேட்டில் இது இல்லை.

34 நாள் என்று நான் பயந்த வேலை ஒரே வாரத்தில் முடிந்தது. அண்ணனுக்கு இப்போது குழிக் கணக்கு இல்லை, நாள் கூலி. இடுப்பு பரவாயில்லை என்கிறார்.

கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் கொல்லையில் நின்று மலை உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தீபம் தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அப்போது பக்கத்துக் கொல்லைக்காரர் வந்தார். "உங்க குழி மிஷினை ரெண்டு நாளைக்குக் கொடுங்களேன்" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"மிஷின் தனியா வராதுங்க. கடப்பாரையோட நானும் வருவேன். எனக்கு நாள் கூலி தனி."